தண்ணீர் பழகும் வரை

ஆவணி 8, ஞாயிறு

முருகன் துணை.

மீன்தொட்டி வைத்தபோது வீட்டில் இருந்தவர்கள்: நான், அத்தான், எதிர்வீட்டுப் பொன்னுத்தாய் அக்கா, அவர் வீட்டுக்காரர் பேச்சிமுத்து அண்ணாச்சி, மீன்கடை ஜெபராஜ். ஆக ஐந்து பேர். மகள் காந்திமதி ஓசூரிலிருந்து செல்போனில் பார்த்தாள். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டில் நல்ல காரியம் எது நடந்தாலும் வந்திருந்தவர்களைப் பெயர் விடாமல் எழுதிவைப்பது என் வழக்கம்.

நேரம் காலை 7.50. கூடத்தில் வடகிழக்கு மூலை. மூன்றடித் தொட்டி. பலகைமேல் முதலில் தெர்மோகோல் விரித்தார் ஜெபராஜ். கண்ணாடிக்கு அடியில் ஒரு சின்னக் கல் இருந்தாலும் பாரம் தாங்காமல் ஒருநாள் விரிசல் விட்டுவிடுமாம். கூழாங்கல்லை அரிசி களைவதுபோல் நான்தான் களைந்தேன். ஏழாவது தண்ணீரில்தான் கலங்கல் நின்றது. தொட்டி நிறையப் பத்துக் குடம் ஆயிற்று. குடத்துக்கு நாலு சொட்டு மருந்து விட வேண்டும். குழாய்த் தண்ணீரில் கலக்கிற பிளீச்சிங் பவுடரின் காரத்தை அது முறிக்கிறது. ஓரத்தில் மோட்டார். அதற்குள் ஒரு பஞ்சு. அழுக்கை இழுத்துப் பஞ்சில் தங்கவைத்துத் தண்ணீரைத் திரும்ப விடுகிறது.

எல்லாம் முடிந்து சாம்பிராணி காட்டிவிட்டு, “மீனு எங்க அண்ணாச்சி?” என்று ஜெபராஜிடம் கேட்டேன்.

“மீனா? இப்பமா? மூணு வாரமாவது போகட்டும்க்கா. தண்ணி பழகணும்.”

தண்ணீர் எதற்குப் பழக வேண்டும்? அது என்ன கன்றுக்குட்டியா?

“மீனு போடுத கழிவுதான் மீனுக்கு நஞ்சு. அந்த நஞ்சத் தின்னுத கிருமி ஒண்ணு தொட்டிக்குள்ள தானா வளரணும். அது வளருத வரைக்கும் வெறுந்தொட்டி ஓடட்டும். தெனம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போடுங்க. கெடந்து அழுகட்டும்.”

“வராத விருந்தாளிக்கு எலை போட்ட கதையால்லா இருக்கு” என்று பொன்னுத்தாய் அக்கா சிரித்தார்.

அத்தான் சிரிக்கவில்லை. (கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமாகியும் என் வீட்டுக்காரரை வேறு எப்படியும் எழுத எனக்கு வரவில்லை.) நாற்காலியில் சாய்ந்தபடி, “அவரு சொல்லுதது எனக்கு நல்லாப் புரியுது. என் ஒடம்புலயும் அந்தக் கிருமிதான் இல்ல” என்றார்.

இரண்டு சிறுநீரகமும் போய் ஒன்பது மாதம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். தொட்டி வைக்கச் சொன்னது பொன்னுத்தாய் அக்கா. ஒன்பது மீன் விட வேண்டும். எட்டு ஆரஞ்சு, ஒன்று கருப்பு. வீட்டுக்கு வருகிற கண்டத்தை மீன் வாங்கிக்கொள்ளும். செத்தால் அழக்கூடாது. “கருப்பு இருக்கு பாத்தியா, அது உயிர்க்கண்டத்துக்கு” என்றார்.

தீனி டப்பாவைத் திறந்தால் கருவாட்டு வாடை. நாங்கள் சைவம். மீன் தீனியில் சைவம் உண்டா என்று கேட்டதற்கு ஜெபராஜ் என்னை ஒரு மாதிரி பார்த்தார். டப்பாவை மொட்டைமாடிப் படிக்கட்டில் வைத்திருக்கிறேன்.


ஆவணி 10, செவ்வாய்

ஆஸ்பத்திரி. ஏறியிருந்த எடை இரண்டே முக்கால் கிலோ, இறக்கியது இரண்டரை. கைகால் இழுப்பு ஒருமுறை.

அத்தானுக்கு நாளொன்றுக்கு ஐந்து டம்ளர் தண்ணீர்தான். எவர்சில்வர் டம்ளரில் ஆணியால் கோடு கீறி வைத்திருக்கிறேன். காப்பி, ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். சாயங்காலம் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, “எனக்கு அஞ்சு டம்ளர். வராத மீனுக்குப் பத்துக் கொடம்” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

புறப்படும்போது டாக்டர், அத்தானுடைய கையில் ஊசி குத்தும் இடத்தில் குழல் வைத்துக் கேட்டார். ரத்தம் ஓடுகிற சத்தம் போன மாதத்தைவிடக் குறைவு என்றார். இதை அத்தான் கேட்கவில்லை, செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.


ஆவணி 12, வியாழன்

மூன்று வாரம் காத்திருக்க முடியாது. ஜெபராஜ் தரமாட்டார் என்று தெரியும். ஜங்ஷன் பக்கம் வேறு கடையில் போய் வாங்கினேன். தொட்டி வைத்து எத்தனை நாள் என்று கேட்டார்கள். ஒரு மாதம் என்றேன். முருகா, பொறுத்துக்கொள்.

வரவு: தங்கமீன் ஆரஞ்சு 8, கருப்பு 1. மொத்தம் 9.

கருப்புக்குக் கண் இரண்டும் துருத்திக்கொண்டு இருக்கிறது. ஓரமாகவே நீந்துகிறது. அத்தான் நாற்காலியைத் தொட்டிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, “கருப்பா, வாடா இங்க” என்று விரலால் கண்ணாடியைத் தட்டினார். வந்தது. ஒன்பது மாதத்தில் அவர் வாயில் பல் தெரிந்தது இன்றுதான்.


ஆவணி 14, சனி

கோயில் பொங்கல் பிரசாதத்தில் நாலு பருக்கை தொட்டியில் போட்டேன். நல்லதுதானே என்று. அடித்துப்பிடித்துத் தின்றன.


ஆவணி 16, திங்கள்

காலையில் ஒரு ஆரஞ்சு மேலே மிதந்தது. செவுள் சிவந்திருந்தது. வாழை இலையில் சுற்றிக் கொல்லையில் முருங்கை மூட்டில் புதைத்தேன். இருப்பு 8.

அத்தான் காப்பி குடிக்கவில்லை. ஒரு டம்ளர் மிச்சம்.


ஆவணி 17, செவ்வாய்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஏறிக்கொண்டே இருந்த பொட்டாசியம் நல்லபடியாக இறங்கியிருக்கிறது. டாக்டரே “என்ன பண்ணினீங்க?” என்று கேட்டார்.

பொன்னுத்தாய் அக்காவிடம் சொன்னேன். “நேத்துச் செத்துச்சு, இன்னைக்கு வந்துச்சு. நான் சொன்னேம்லா!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்துக் கோடு போட்டேன். இடது பக்கம், போன மீன். வலது பக்கம், போன கண்டம்.


ஆவணி 21, சனி

இரண்டு மீன். இருப்பு 6. வலது பக்கம்: நேற்று ஆஸ்பத்திரிப் படியில் அத்தான் கால் வழுக்கியது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார், முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று.

மத்தியானம் ஜெபராஜ் வந்தார். யார் கூப்பிட்டது என்று தெரியவில்லை, அத்தானாகத்தான் இருக்கும். வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

“யாருக்கா மீனு தந்தது?”

ஜெபராஜ் உள்ளே வந்து தொட்டியைக் குனிந்து பார்த்தார்.

“மூணடித் தொட்டிக்கு ரெண்டு கோல்டு மீனு போதும். ஒம்பதா! அதுவும் பச்சத்தண்ணியில! அய்ய, இது என்னது, தண்ணிக்கு மேல நெய்யி மெதக்கு?”

“காலையில போட்ட சாமி பிரசாதம்” என்றேன்.

“சாமி திங்கட்டும்க்கா. மீனுக்கு எதுக்கு முந்திரிப்பருப்பு?” என்றார். அத்தானுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

ஜெபராஜ் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டரைக் குடம் தண்ணீர் எடுத்துவிட்டுப் புதுசு விட வேண்டும். சொட்டு மருந்து கலக்காமல் ஒரு டம்ளர் கூட விடக்கூடாது. தீனி, இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு. பஞ்சைக் குழாயடியில் கழுவவே கூடாது. அந்தக் கிருமி பஞ்சில்தான் குடியிருக்கும். எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும்.


ஆவணி 23, திங்கள்

இரண்டரைக் குடம். பத்துச் சொட்டு. இருப்பு 6.


ஆவணி 27, வெள்ளி

தண்ணீர் மாற்றினேன். இருப்பு 6. அத்தானுக்கு இரவெல்லாம் இருமல் என்று டாக்டரிடம் சொன்னேன்.


ஆவணி 31, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, காய்ச்சல் 102. ஆக்சிஜன் வைத்திருக்கிறது.

காந்திமதி போனில் அழுதாள். “என்னோட கிட்னியப் பாக்கச் சொல்லும்மா.” அவளுக்கு அறுவை செய்து குழந்தை பிறந்து நாலு மாதம்தான் ஆகிறது. அத்தான் சத்தியம் வாங்கியிருக்கிறார், மகளிடம் எடுக்கக் கூடாது என்று. எனக்குச் சர்க்கரை, முதல் நாளே டாக்டர் தள்ளிவிட்டார்.

“அப்பம் வடிவு அத்தைகிட்ட கேட்டா என்ன?”

சங்கரவடிவு அத்தானுடைய ஒரே தங்கை. அம்பாசமுத்திரத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறாள். அத்தானுக்கும் அவளுக்கும் ஒரே ரத்த வகை.

“அதெல்லாம் கேக்க முடியாது” என்றேன்.

“ஏம்மா?”

சார்ஜ் தீரப்போகிறது என்று வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, வாளி கழுவி, தண்ணீர் மாற்றினேன். பத்து நாளாக ஒரு மீன் கூடப் போகவில்லை. வலது பக்கமும் வெறுமையாக இருக்கிறது.


புரட்டாசி 3, வெள்ளி

குளிக்க வீட்டுக்கு வந்தபோது தண்ணீர் மாற்றினேன். சொட்டு மருந்து விட மறந்துவிட்டேன்.


புரட்டாசி 4, சனி

ஒரு ஆரஞ்சு. இருப்பு 5.


புரட்டாசி 5, ஞாயிறு

அத்தானை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது. முருகா, உன் கருணைக்கு என்ன செய்வேன்!

அத்தான் உள்ளே வந்ததும் மீனைத்தான் எண்ணினார். “ஒண்ணு கொறையுதே.” கருப்பன் கண்ணாடியோரம் வந்து நின்றது. ஆஸ்பத்திரியில் இருந்த ஆறு நாளும் அது அவரைத் தேடியிருக்கும் என்று அவருக்கு நினைப்பு. சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.


புரட்டாசி 9, வியாழன்

தண்ணீர் மாற்றியபோது சொட்டு மருந்து மறந்துவிட்டேன். நாளைக்கு ஆஸ்பத்திரி. மனசு சரியில்லை.


புரட்டாசி 10, வெள்ளி

ஒன்று. இருப்பு 4. ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கிவிடாமல் நாலு மணி நேரமும் நல்லபடியாக ஓடிற்று. வலது பக்கத்தில் எழுதினேன்.


புரட்டாசி 13, திங்கள்

ஜெபராஜ் ஒரு கண்ணாடிக் குழாய் கொண்டுவந்தார். தொட்டித் தண்ணீரை மொண்டு ஏதோ சொட்டு விட்டுக் குலுக்கினார். மஞ்சளாக நின்றது. நஞ்சு இருந்தால் பச்சையாகுமாம்.

“தண்ணி பழகிருச்சுக்கா! எத்தன பாடு படுத்தியும் பழகிருச்சு பாத்தியளா.”

“இனி மீன் சாகாதா?”

“நீங்களாக் கொன்னாத்தான் உண்டு” என்று சொல்லிச் சிரித்தார்.

அத்தான் அவருக்குக் காப்பி போடச் சொன்னார். தன் பங்கு டம்ளரில் பாதியை விட்டுக்கொடுத்து, கூட உட்கார்ந்து குடித்தார். இருவரும் மீன் பேச்சுப் பேசினார்கள். அத்தான் குரல் வாசல்வரை கேட்டது. வேலை பார்த்த காலத்தில் இருந்த குரல்.

நான் ராத்திரி சாப்பிடவில்லை. பசியில்லை.


புரட்டாசி 15, புதன்

ஆயுத பூஜை. வீடு முழுக்கக் கழுவினேன். அருவாமனை, அம்மி, மிக்ஸி, அத்தானுடைய பழைய ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். அத்தான் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். மீன்தொட்டி மோட்டாரையும் கழற்றினேன். அதுவும் ஒரு ஆயுதம்தானே. கூழாங்கல்லை அள்ளிச் சவுக்காரம் போட்டுத் தேய்த்தேன். பஞ்சைக் குழாயடியில் வைத்து வெள்ளை வெளேரென்று வரும்வரை கசக்கினேன். பொட்டு வைத்துத் திரும்ப மாட்டினேன்.

நைவேத்தியம்: சுண்டல், பொரி, வாழைப்பழம். வந்தவர்கள்: பொன்னுத்தாய் அக்கா, பேச்சிமுத்து அண்ணாச்சி. எங்களோடு சேர்த்து நாலு பேர்.


புரட்டாசி 17, வெள்ளி

இரண்டு. இருப்பு 2.


புரட்டாசி 19, ஞாயிறு

ஒன்று. இருப்பு 1, கருப்பு.

அத்தான் இன்று மூன்று இட்லி சாப்பிட்டார். வாந்தியில்லை. தெருமுனைவரை நடந்துவிட்டு வந்தார்.

முருங்கை மூட்டில் இனித் தோண்ட இடமில்லை.


புரட்டாசி 24, வெள்ளி

ஊசி குத்தும் கையில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது. குத்தினால் ரத்தம் வரவில்லை. கழுத்தில் குழாய் போட்டார்கள். கழுத்தில் அந்தப் பிளாஸ்டரோடு அவரைப் பார்க்க முடியவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

டாக்டர் தனியாகக் கூப்பிட்டார். “கழுத்துக் குழாய் ரொம்ப நாள் தாங்காதும்மா. கிருமி உள்ள போச்சுன்னா நம்ம கையில இல்ல. கூடப் பொறந்தவங்க யாராவது இருந்தா இந்த மாசமே கூட்டிட்டு வாங்க. கிட்னி மாத்திட்டா பல வருஷம் நல்லா இருப்பாரு.”

வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தேன். மூன்று மீன் போன பிறகு இது நடந்திருக்கிறது. கூட்டிப் பார்த்தும் கழித்துப் பார்த்தும் கணக்கு ஒத்துவரவில்லை. பொன்னுத்தாய் அக்காவிடம் கேட்டேன்.

“அதெல்லாம் சில்லறக் கண்டத்துக்கு. நான்தான் அன்னைக்கே சொன்னேம்லா, உயிர்க்கண்டம் கருப்பு கணக்குல.”


புரட்டாசி 25, சனி

தண்ணீர் மாற்றினேன். சொட்டு மருந்து மறந்துவிட்டேன்.


புரட்டாசி 27, திங்கள்

கருப்பன் இருக்கிறது.


புரட்டாசி 30, வியாழன்

இருக்கிறது. தரையோடு படுத்துக் கிடக்கிறது. அத்தான் கூப்பிட்டால் மட்டும் எழுந்து வருகிறது.


ஐப்பசி 2, ஞாயிறு

தண்ணீர் மாற்ற மறந்துவிட்டேன். தீனி மட்டும் போட்டேன். கொஞ்சம் கூடுதலாகவே போட்டேன்.


ஐப்பசி 5, புதன்

கந்தசஷ்டி விரதம் தொடக்கம். காலையில் கோயிலுக்குப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டு பதினொரு மணிக்கு வந்தேன். வாசல் கதவு சும்மா சாத்தியிருந்தது.

அத்தான் தொட்டியருகே நின்றுகொண்டிருந்தார். இடது கையால் பலகையைப் பிடித்திருந்தார். வலது கையில் அந்த டம்ளர். நான் கோடு கீறிய டம்ளர். அதால் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு கீழே வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. கழுத்துப் பிளாஸ்டரின் ஓரத்தில் ஈரம்.

“என்ன செய்யுதிய நீங்க! கழுத்து நனையக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாருல்லா!”

“முப்பத்தெட்டு” என்றார். மூச்சு வாங்கியது. “நீ வந்து கணக்குக் கேப்பியேன்னு எண்ணிக்கிட்டே மோந்தேன்.”

டம்ளரைப் பிடுங்கி அவரை நாற்காலியில் உட்காரவைத்தேன். துண்டால் துடைத்தேன். பஞ்சும் மருந்தும் எடுத்துவந்து கழுத்தைச் சுற்றிக் காயவைத்தேன்.

“தண்ணி நாறுது, மொழி.” என் பெயரை அவர் சுருக்கிக் கூப்பிடுவது அப்படி. “எனக்கு வாரத்துக்கு ரெண்டு நாளு மாத்துதாவ. இவனுக்கு நீ எப்பம் மாத்துன?”

“மறந்துட்டேன்.”

“நீயா?”

அவ்வளவுதான் கேட்டார். இருபத்தெட்டு வருஷத்தில் பால்காரன் வராத நாளைக் கூட நான் மறந்ததில்லை என்று அவருக்குத் தெரியும்.

அத்தான் நாற்காலியிலிருந்தபடி தொட்டிக் கண்ணாடியில் விரலை வைத்தார்.

“இது செத்தா நான் பொழச்சுக்கிடுவேன்னு பொன்னுத்தாய் சொன்னாளா?”

நான் நனைந்த துண்டை வாளியில் பிழிந்தேன்.

“அது அதோட கழிவுலயே கெடந்து மூச்சு முட்டுது. நானும் அப்படித்தான் கெடக்கேன். ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிட்டி. அது எங்கிட்டருந்து எதை வாங்கிட்டுப் போகும்?”

நான் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன். கையில் காப்புக் கயிறு. நனைந்து போய் மஞ்சள் கையில் ஒட்டியிருந்தது.

“வடிவுகிட்ட கேக்கட்டா?” என்றேன்.

“கேக்காத.”

“அவ வரமாட்டான்னா?”

“கேட்டா தந்துருவா. அதான் இத்தன நாளா நான் கேக்கல.”

மிச்சத் தண்ணீரை நான் மாற்றினேன். இரண்டரைக் குடம். பத்துச் சொட்டு, எண்ணி விட்டேன். கருப்பன் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது. செவுள் அசைகிறது.


ஐப்பசி 6, வியாழன்

பரணிலிருந்து பழைய நோட்டை எடுத்தேன். பதினொரு வருஷத்துக்கு முந்தியது. இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது நடந்த பால்காய்ப்பு. என் கையெழுத்து அப்போது இன்னும் வட்டமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நோட்டு எழுதியே எழுதப் படித்தவள். ‘வந்திருந்தவர்கள்’ என்று தலைப்பு. பெயர் பெயராக நாற்பத்தொன்று. கடைசியில் கூட்டி, கோடு போட்டு, ‘ஆக 41 பேர்’.

வடிவு பெயர் இல்லை.

அவள் வந்திருந்தாள். முதல் நாளே வந்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் தவறி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பின்கட்டில் உட்கார்ந்து நாற்பது பேருக்கும் தேங்காய் துருவி, சாம்பார் கூட்டி இறக்கியது அவள். பால் பொங்குகிற நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள், அண்ணன் வீடாயிற்றே என்று பார்க்க. அடுப்புக்கு எதிரே நின்றாள். நான் சொன்னேன்:

“வடிவு, நீ கொஞ்சம் அந்தப் பக்கமா நில்லு. பால் பொங்கட்டும்.”

சத்தமாகக் கூடச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “சரி மைனி” என்றாள். சாப்பிடாமல் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு இந்த வாசல்படி மிதிக்கவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் அத்தான் மட்டும் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவள் என்ன கேட்டாள் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அவள் துரதிர்ஷ்டம் இந்த வீட்டுக்கு வந்துவிடும் என்று பயந்தேன். பிறகு இந்த வீட்டுத் துரதிர்ஷ்டத்தை ஒன்பது மீன் தலையில் ஏற்றினேன். நான்தான் இரண்டையும் செய்தவள்.

திருத்தம் 1: பால்காய்ப்பு நோட்டில் நாற்பத்திரண்டாவது பெயர் சங்கரவடிவு என்று எழுதினேன். 41-ஐ அடித்து 42 ஆக்கினேன்.

திருத்தம் 2: இந்த நோட்டில் ‘மறந்துவிட்டேன்’ என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறேன். நாலையும் அடித்துவிட்டேன். ஆயுத பூஜை அன்று எழுதியதில் எதை அடிப்பது என்று தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.


ஐப்பசி 7, வெள்ளி

அத்தானை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டு ஜெபராஜ் கடைக்குப் போனேன். பழகின தொட்டியிலிருந்து ஒரு பஞ்சை எடுத்து, அந்தத் தண்ணீரோடு பையில் கட்டிக் கொடுத்தார். கறுப்பாக, வழவழவென்று இருந்தது. “அழுக்குன்னு நெனைக்காதிய. இதுலதான் உயிர் இருக்கு.”

“பழகின தண்ணி அதுக்குள்ள எப்படிக்கா கெட்டுச்சு? மறந்துபோய்க் குழாயில கழுவிட்டியளா?” என்று கேட்டார்.

“மறந்துபோய் இல்ல” என்றேன்.

ஜெபராஜ் என்னைப் பார்த்துக்கொண்டே முடிச்சை இறுக்கினார்.


ஐப்பசி 9, ஞாயிறு

கருப்பன் இருக்கிறது. வாலில் ஒரு பக்கம் அரித்துப்போயிருக்கிறது. அது திரும்ப வளருமா என்று தெரியவில்லை. அத்தானுக்கு இன்று லேசாகக் குளிர் இருந்தது. கழுத்துக் குழாயில் கிருமியோ என்று எனக்குப் பயம். காய்ச்சல் பார்த்தேன், 99.


ஐப்பசி 10, திங்கள்

சூரசம்ஹாரம். விரதம் முடிந்தது. இந்த வருஷம் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டிக்கொண்டால் பதிலுக்கு யாரைக் கொடுக்கிறாய் என்று கேட்டுவிடுவான் போல் இருந்தது.


ஐப்பசி 11, செவ்வாய்

இன்று தபாலில் போட்ட கடிதத்தின் நகல்:

அன்புள்ள வடிவுக்கு,

மைனி எழுதுகிறேன். போனில் கேட்டால் நீ யோசிக்காமல் ‘சரி மைனி’ என்று சொல்லிவிடுவாய். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னாய். அதனால்தான் எழுதுகிறேன். இரண்டு முறை படித்துவிட்டு யோசி.

உன் அண்ணனுக்குக் கை அடைத்துவிட்டது. கழுத்தில் குழாய் போட்டிருக்கிறது. அது ரொம்ப நாள் தாங்காது என்கிறார்கள். கூடப் பிறந்தவர்கள் ஒரு சிறுநீரகம் கொடுத்தால் பிழைத்துக்கொள்வார். உனக்கும் அவருக்கும் ஒரே ரத்த வகை. பொருந்துமா என்று முதலில் சோதனை செய்வார்கள். நீ எழுதச் சொல்லி அவர் சொல்லவில்லை. எழுதக் கூடாது என்றுதான் சொன்னார்.

உனக்கு இதில் உள்ள கஷ்டத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். நல்ல உடம்பை அறுக்க வேண்டும். இரண்டு மாதம் பாரம் தூக்க முடியாது. சத்துணவுக் கூடத்துக்கு ஆள் மாற்ற வேண்டும். பிறகு உன் காலம் முழுக்க ஒரு சிறுநீரகம்தான். உனக்கும் கல்லூரியில் படிக்கிற பிள்ளை இருக்கிறாள். அவளுக்கு நீ மட்டும்தான். டாக்டரிடம் நீயே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அவர் நம்பரைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

பால்காய்ப்பு அன்று உன்னை அந்தப் பக்கம் நிற்கச் சொன்னேன். நோட்டிலும் உன் பெயரை எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன். அதனால் அது சரியாகிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. இதற்காகத்தான் இப்போது எழுதினாள் என்று நீ நினைத்தால் அதுவும் உண்மைதான். நீ முடியாது என்று சொன்னால் இந்த வீட்டில் யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டார்கள். நான் சொல்ல விடமாட்டேன். முடியாது என்றாலும் ஒருநாள் வந்து அண்ணனைப் பார்த்துவிட்டுப் போ. கூடத்தில் உட்கார்.

வீட்டில் ஒரு மீன் இருக்கிறது. கருப்பு. உன் அண்ணன் கூப்பிட்டால் வரும்.

முடியும் என்றாலும் எழுது, முடியாது என்றாலும் எழுது. பதில் சீக்கிரம் வேண்டும், வடிவு.

மைனி,
குழல்வாய்மொழி